பத்துக்கு மூன்று

தம்பி,

நீ போனை எடுக்காததால்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. எடுத்திருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். உன்னோடு நேரில் கதைக்கத் தொடங்கினால் என் வாய் பழக்கதோஷத்தில், "ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய், தலையைப் பார், காடு மாதிரி" என்றுதான் ஆரம்பிக்கும். நீயும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று தலையாட்டிவிட்டு நீ இருக்கிற வின்டர்தூருக்கு ரயில் ஏறிவிடுவாய். சொல்ல வந்தது எனக்குள்ளேயே கிடந்து புளிக்கும். அதனால் எழுதுகிறேன். முதலில் உனக்கு அனுப்புவேன். சனிக்கிழமை அணியின் ஒன்றுகூடலுக்கு முன்னர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். உனக்குப் பத்துக்கு மூன்று என்று நான் போட்டது அங்கேதான், எல்லாரும் பார்க்க. அப்படியென்றால் இதையும் எல்லாரும் பார்க்கட்டும். நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். ஆளாளுக்குத் தங்களுக்குத் தெரிந்த பாதியை வைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இந்த அவுஸ்திரேலியக் கால்பந்தை எங்கள் தலையில் கட்டியவர் சிவம் அண்ணை. மெல்போர்னில் சில காலம் இருந்துவிட்டு இங்கே சுவிஸில் ஷ்லீரனுக்கு வந்தவர், வரும்போது முட்டை மாதிரி ஒரு பந்தையும் கொண்டுவந்தார். நீங்கள் பெடியன்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். நீங்கள் சுவிஸ் பெடியன்களைச் சேர்த்து, வேலைக்கு வந்த ஒரு அவுஸ்திரேலியனையும் சேர்த்து அணி அமைத்தீர்கள். உன்னைக் கப்டன் ஆக்கினார்கள். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அண்ணை பந்தோடு இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்தார். அங்கே தங்கள் அணி தோற்றால் ரசிகர்கள் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதுவார்களாம். "தோத்த அண்டைக்குத்தான் மார்க்ஸ் போடவேணும் தங்கச்சி, வெண்ட அண்டைக்கு ஒருத்தருக்கும் கண் தெரியாது" என்று விளக்கம் வேறு. எங்கள் சனத்துக்கு அடுத்தவன் பிள்ளைக்கு மார்க்ஸ் போடச் சொன்னால் சொல்லவா வேண்டும்? வாட்ஸ்அப் குழு அமளிப்பட்டது. ஒரு தோல்விக்குப் பிறகு உன் சிநேகிதன் லூக்காவுக்கு யாரோ ஏழு போட்டு, "மரியாதையான பிள்ளை, எல்லாருக்கும் தண்ணி குடுத்தவர்" என்று எழுதியிருந்தார்கள். றமேசுக்கு ஐந்து. காரணம்: "நல்லா ஓடினவர், பந்து போன பக்கம்தான் ஓடேல்லை." நானும் வாசித்துச் சிரித்தவள்தான், மறுக்கவில்லை. அப்போதெல்லாம் உனக்கு எட்டுக்குக் கீழே யாரும் போட்டதில்லை.

பிறகு அந்த இறுதி ஆட்டம். வின்டர்தூருக்கு வெளியே, காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற அந்த மைதானம். நான் உங்களுக்குச் சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியோடு கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன், அப்பா நாற்காலியில். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, நீங்கள் இரண்டு புள்ளி பின்னால். அந்த நேரத்தில்தான் நீ மற்றவர்களின் தோளுக்கு மேலால் எழும்பி அந்தப் பந்தைப் பிடித்தாய். பிடித்த கையோடு ஆட்டம் முடிகிற சங்கு ஊதியது. அப்படிப் பிடித்தவனுக்கு நேரம் முடிந்தாலும் ஒரு உதை உண்டு என்று அப்பா எனக்குக் கத்திச் சொன்னார். நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பத்துக்கும் இடையால் போனால் ஆறு புள்ளி, கிண்ணம் எங்களுக்கு. அதற்குப் பிறகு நடந்ததை எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். பந்து வலப்பக்க உயரக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்படிப் பட்டால் ஒரு புள்ளிதான். ஒரு புள்ளியால் தோற்றீர்கள்.

அன்று பின்னேரம் ஓல்டனுக்கு, வீட்டுக்கு, ரயிலில் வரும்போதே மதிப்பெண்கள் வரத் தொடங்கிவிட்டன. லூக்காவுக்கு, றமேசுக்கு, அவுஸ்திரேலியனுக்கு, எல்லாருக்கும் வந்தது. உன் பெயருக்கு நேரே மட்டும் யாரும் ஒன்றும் போடவில்லை. அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு அந்த வெற்றிடம் பொறுக்கவில்லை. நான் நினைத்தேன், நான் குறைத்துப் போட்டால் அவர்கள் கூட்டுவார்கள் என்று. தம்பி, எங்கள் வீட்டில் விருந்தாட்கள் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். நான் "இண்டைக்குக் கறி சரிவரேல்லை" என்பேன். அவர்கள் "சும்மா இருங்கோ அக்கா, இப்பிடி ஒரு கறி சாப்பிட்டு எத்தனை நாள்" என்பார்கள். நான் இறக்குவேன், அவர்கள் ஏற்றுவார்கள். பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான். பெற்றவள் தன் வாயால் பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணூறு நாவூறு பட்டுவிடும், புகழ்வது மற்றவர்கள் வேலை. இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, எல்லாரும் செய்ததைப் பார்த்து நானும் செய்தேன். ஆகவே உன் பெயருக்கு நேரே மூன்று என்று போட்டு, "இன்னும் பழகவேணும்" என்று காரணம் எழுதினேன். எழுதிவிட்டு, "என்ன அக்கா, ஒரு எட்டாவது போடவேண்டாமோ" என்று யாராவது பாய்ந்து வருவார்கள் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பாய்ந்து வந்தவர் சிவம் அண்ணை. "தாயே சொல்லிட்டா. இதுதான் நேர்மை" என்று எழுதினார். அவ்வளவுதான். அதுவரை என் முகத்துக்காகத்தான் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் வாசலைத் திறந்துவிட்டேன். மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று வந்து விழுந்தது. "அம்மாவுக்கே விளங்கினது கப்டனுக்கு விளங்கேல்லை" என்று ஒருவர். "பெரிய ஆட்டத்துக்குத் தோதான ஆள் இல்லை" என்று இன்னொருவர். அவர் உன் ஐந்தாவது பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டவர்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்த மூண்டை எடுத்துவிடுங்கோ. நான் ஒரு கதைக்குத்தான் போட்டனான்."

"என்ன தங்கச்சி கதைக்கிறியள்? குடுத்த மார்க்ஸ் குடுத்ததுதான். பிறகு ஆரும் இதை மதிப்பினமோ?"

"நான் பெத்தவள் அண்ணை, எனக்கு மாத்த உரிமை இல்லையோ?"

"அதாலதானே உங்கட மார்க்ஸுக்கு இவ்வளவு பெறுமதி. நீங்கள் கவலைப்படாதேங்கோ, பெடியன் திருந்தியிடுவான்."

திருந்தியிடுவானாம். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டுக் குழுவில் பெரிதாக ஒன்பது என்று போட்டேன். அது இன்னும் மோசமாய்ப் போனது. சிரிக்கிற மஞ்சள் முகங்களாக வந்து நிறைந்தன. "பெத்த மனம், பாவம்" என்றார்கள். மூன்று போட்டபோது நேர்மை, ஒன்பது போட்டபோது பாசம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அதற்குப் பிறகு நீ எழுதினாய். நீ எல்லாருக்கும் மதிப்பெண் போட்டாய், ஒவ்வொருவரைப் பற்றியும் நல்லதாக ஒரு வரி எழுதினாய். றமேசுக்குக்கூட எட்டு. கடைசியில் உன் பெயர். "3. அம்மா சொன்னது சரி." அதற்குக் கீழே, நீ குழுவிலிருந்து வெளியேறிவிட்டாய் என்ற சாம்பல் நிற வரி. நான் உடனே எடுத்தபோது நீ ஒரு தரம் பேசினாய். "நீங்கள் உண்மையைத்தானே சொன்னனீங்கள் அம்மா, பரவாயில்லை. சனிக்கிழமை கப்டன் பொறுப்பைக் குடுத்திட்டு நான் அணியை விட்டு நிக்கிறன்" என்றாய். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நீ அமைதியாகச் சொன்னாய். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை.

"அம்மா சொன்னது சரி" என்ற அந்த வரி எனக்குப் புதிதில்லை. உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, எனக்கு இப்போது ஒவ்வொரு நாளும் நினைவு வருகிறது. நீ நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைக்கிற நாள். அப்பாவுக்குக் களஞ்சியத்தில் வேலை, எனக்கு டொய்ச் மொழி ஓடாது, ஆகவே மொழிபெயர்க்க நீயே வந்து நடுவில் சின்னக் கதிரையில் இருந்தாய். ஆசிரியை நீளமாக ஏதோ சொன்னா. உன் காது சிவந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"நான் கணக்கில நல்லாச் செய்யிறனாம்."

"இல்லையெண்டு சொல்லு. வீட்டில சரியான பஞ்சி பிடிச்ச, சோம்பேறிப் பிள்ளை எண்டு சொல்லு."

நீ என்னைப் பார்த்தாய். "நானோ சொல்லுறது?"

"ஓம், நீதான். சொல்லு."

நீ சொன்னாய். உன்னைப் பற்றி நீயே, நல்ல தெளிவான டொய்ச்சில். நான் ஆசிரியையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஐயோ இல்லை, தங்கமான பிள்ளை" என்று அவ சொல்லப் போகிற நேரத்துக்காகக் காத்திருந்தேன். அவ பேனையைத் திறந்து எழுதிக்கொண்டா. இந்த நாட்டில் ஒரு தாய் ஒன்றைச் சொன்னால் அது அப்படியே உண்மை. அந்தத் தவணை முழுக்க, பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளோடு உன்னை இருத்தி வீட்டுப்பாடம் செய்வித்தார்கள். நீ ஒரு நாளும் முறையிடவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது மட்டும் "அம்மா, நான் பஞ்சியோ?" என்று கேட்டாய். "சும்மா ஒரு கதைக்குச் சொன்னது" என்றேன். "அப்ப ஏன் என்னைச் சொல்லச் சொன்னனீங்கள்?" என்றாய். "குளிருது, யக்கற்றை இழுத்துப் பூட்டு" என்றேன்.

இதைப் படித்துவிட்டு, அம்மா என்னை ஒருநாளும் உயர்த்தி நினைத்ததில்லை என்று முடிவு கட்டாதே. நான் வேலை செய்கிற வயோதிபர் இல்லத்துக்கு வந்து விசாரித்துப் பார். இரண்டாம் மாடியில் இருக்கிற ப்ரௌ கெல்லர் என்ற சுவிஸ் மனிசிக்கு உன் வரலாறு முழுக்கத் தெரியும். அவவுக்குக் காலுறை போட்டுவிடும்போது உன்னைப் பற்றித்தான் கதை. நீ படித்தது, உன் வேலை, நீ பந்துக்கு எழும்புகிற உயரம் எல்லாம் என் உடைந்த டொய்ச்சில் சொல்லியிருக்கிறேன். சுவிஸ் சனத்தின் கண்ணில் நாவூறு இல்லை என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன் போலிருக்கிறது. தோற்ற பிறகு அவ கேட்டா, மகன் நல்லா விளையாடினாரா என்று. "சூப்பர்" என்றேன், யோசிக்கவே இல்லை. நீ எவ்வளவு நல்லவன் என்று உன்னைக் கண்டிராத ஒரு கிழவிக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கிற இடத்தைக் கேள். குழுவை விட்டு விலகலாம் என்றால் விலகேலாது. தமிழ்ப் பள்ளிக்கூட நேரமும் கல்யாணவீடும் செத்தவீடும் எல்லாம் அதிலேதான் வருகிறது. விலகினால் மகனுக்காகக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள், அதுவும் உன் தலையில்தான் விழும். தமிழ்க் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனால், "உங்களை மாதிரி ஒரு தாய் வேணும்" என்று ஒருத்தி என் கையைப் பிடிக்கிறாள். ரயில் மேடையில் ஒருவர் நின்று, தன் மனைவிக்கு என்னை உதாரணம் காட்டினாராம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். புகழ்கிறவர்களை என்ன செய்வது? இதெல்லாம் போதாதென்று சிவம் அண்ணை போன் எடுத்து, சனிக்கிழமை ஷ்லீரன் மண்டபத்தில் நடக்கும் ஒன்றுகூடலில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம் என்றார். பக்கம் சாராத ரசிகை என்று. கப்டன் என்ற முறையில் நீதான் போர்த்த வேண்டுமாம், அதற்குப் பிறகு பொறுப்பைக் கையளிப்பாயாம். என்னைக் கேட்க முதலே அப்பா ஓம் சொல்லிவிட்டார்.

"நீங்கள் ஏனப்பா ஓம் எண்டனீங்கள்?" என்று அப்பாவைப் பிடித்தேன்.

"ஆக்கள் மரியாதையாக் கேக்கேக்க என்னெண்டு இல்லையெண்டுறது? வாங்கிப்போட்டுப் பேசாமல் வந்து இரும்."

"பிள்ளை அதைக் கையில வைச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பாக்க வேண்டாமோ?"

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அவருக்கும் போக இடமில்லை, பாவம். நான் போகாவிட்டால், மகனின் பிடிவாதத்தால்தான் தாய் வரவில்லை என்பார்கள். போனால் உன் கையாலேயே அந்த மூன்றுக்கு முத்திரை குத்தி வாங்கினவள் ஆவேன். இதற்குள் கிடந்து நான் படுகிற பாடு உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நீ படுகிற பாடு இதைவிடப் பெரிது என்று எனக்குத் தெரிகிறது. நான் மூடிய அறையில் நான் மட்டும் இல்லை, உன்னையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறேன்.

உனக்குச் சொல்ல ஒரு புத்திமதி இருக்கிறது. என்னிடமிருந்து இனிப் புத்திமதி கேட்பாயோ தெரியாது, ஆனாலும் பெற்றவளுக்கு அது இல்லாமல் கடிதம் முடியாது. நாளைக்கு வேலையில் ஒருவன், வீட்டில் ஒருத்தி, குழுவில் நூறு பேர், உனக்கு இத்தனை என்று மதிப்புப் போடுவார்கள். நீ என்ன செய்கிறாய் என்றால், அதை அப்படியே எடுத்து உன் பெயருக்கு நேரே எழுதிவிடுகிறாய். சின்னக் கதிரையில் இருந்தபோதும் அதைத்தான் செய்தாய். செய்யாதே. போட்டவரைப் பிடித்து, நீங்கள் பார்த்தீர்களா என்று முதலில் கேள். என்னைக் கேட்டிருந்தாயென்றால் எனக்கு அங்கேயே நாக்கு ஒட்டியிருக்கும்.

ஏனென்றால் நான் பார்க்கவில்லை.

நீ அந்தப் பந்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து எழும்பியபோது மைதானம் முழுக்க உன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவ்வளவு கண்ணும் உன் மேல். இவ்வளவு கண்ணை என் பிள்ளை எப்படித் தாங்குவான் என்று பயந்து, பிள்ளையாரே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திரும்பி நின்றேன். பந்து உள்ளே போகவேண்டும் என்றுகூட நான் கும்பிடவில்லை. உனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று மட்டும்தான் கும்பிட்டேன். கம்பத்தில் பட்ட சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் தோற்றது தெரிந்தது. நீ எத்தனை அடி பின்னால் போய் ஓடி வந்தாய், எந்தக் காலால் உதைத்தாய், காற்று எந்தப் பக்கம் அடித்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. பார்க்காத உதைக்குத்தான் மூன்று போட்டேன். அந்த மூன்றைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போட்டார்கள்.

குழுவில் இருக்கிற எல்லாருக்கும் இதையே சொல்கிறேன். சிவம் அண்ணை, பொன்னாடையை மடித்து வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றவளுக்கு அது பொருந்தாது. மாற்றக்கூடாது என்ற உங்கள் சட்டம் பார்த்துப் போட்டவர்களுக்கு இருக்கட்டும், அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மண்டபத்துக்கு வருவேன், கேட்கிறவர்களுக்கு வாயாலும் சொல்வேன். சிரிப்பதென்றால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

தம்பி, கப்டன் பொறுப்பை விடுவதும் வைத்திருப்பதும் உன் விருப்பம், அதில் நான் வாய் வைக்கமாட்டேன். ஆனால் ஒரு நாள், ஒரு பந்தை எடுத்துக்கொண்டு என்னை ஏதாவது வெறும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. ஒருவரும் வரவேண்டாம், அப்பாகூட வேண்டாம். நீ நல்லவன், கெட்டிக்காரன், உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை. இதை டொய்ச்சில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், தமிழில் இப்போதுதான் எழுதுகிறேன். நீ உதை ராசா. உள்ளே போனாலும் போகாவிட்டாலும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா